நாலு வி

பிளஸ் ஒன் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். இந்த இயற்பியல் சார் ஏன் எந்தக் கணக்கையும் முடிக்காமல் பாதியில் நிறுத்துகிறார்?

எண்பதாம் வருஷம் அது. பிளஸ் டூ என்கிற புதுப் படிப்பு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. நான் தேவிகாபுரத்திலிருந்து காலை பஸ்ஸில் ஆரணிக்கு வந்து பெண்கள் பள்ளியில் ஃபர்ஸ்ட் குரூப் படித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. நைனாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில்தான் வேலை செய்தார்கள். எங்கள் தெருவில் பத்தாவது தாண்டிய முதல் பெண் நான். நைனாவுக்கு ஃபர்ஸ்ட் குரூப் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், "எம் பொண்ணு பஸ்ட்டு குரூப்பு" என்று சொல்லிவிடுவார். ஃபர்ஸ்ட் என்பது ரேங்க் என்று நினைத்துவிட்டார் போல. நானும் திருத்தவில்லை.

எனக்கு அந்த குரூப்பில் வேண்டியது ஒன்றே ஒன்று. லேப்.

பள்ளிக்கூடத்தின் கோடியில் பூட்டிக் கிடந்த அறை. ஜன்னல் கண்ணாடிக்குப் பச்சை பெயின்ட் அடித்திருந்தார்கள். எவளோ ஒரு புண்ணியவதி நகத்தால் சுரண்டி, ஒரு கண் வைக்கிற அளவுக்கு ஓட்டை போட்டு வைத்திருந்தாள். அதில் கண்ணை வைத்தால் உள்ளே கண்ணாடி அலமாரி தெரியும். பித்தளையில் என்னென்னவோ சாமான்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குட்டித் தராசு. தராசுக்கு எதற்குப் பெட்டி, காற்றடித்தால் பறந்துவிடுமா? இந்த மாதிரிக் கேள்விகள் எனக்கு நாள் முழுக்க வரும். காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் லேப் திறப்போம் என்று சார் சொல்லியிருந்தார். கூடவே இன்னொன்றும் சொன்னார். காலாண்டில் இயற்பியலில் முப்பத்தைந்து மார்க் வாங்காதவர்கள் தேர்ட் குரூப்புக்குப் போய்விட வேண்டும். தேர்ட் குரூப்பில் வரலாறு உண்டு, வணிகம் உண்டு. லேப் கிடையாது.

என் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஆரணிக்காரி. பட்டுத்தறி வீட்டுப் பெண். அம்மை போட்டு மூன்று வாரம் தாமதமாகத்தான் வகுப்புக்கு வந்தாள். வந்த அன்றே அந்த ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, நகைக்கடை மாதிரி பூட்டி வெச்சிகினு கீறாங்க" என்றாள். அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துப்போனது. விட்டுப்போன பாடத்தையெல்லாம் என் நோட்டைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டாள். என் கையெழுத்து அழகாக இருக்கும். அதனால் பெருமையாகவே கொடுத்தேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் எனக்கு வாயில் கசப்பு ஊறுகிறது.

புத்தகம் வந்து சேரவில்லை. சார் தன்னிடமிருந்த ஒரே புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார், நாங்கள் எழுத வேண்டும். படபடவென்று வாசிப்பார். ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த எனக்கு இங்கிலீஷ் எழுத்து மெதுவாகத்தான் வரும். அதனால் காதில் விழுந்ததை அப்படியே தமிழில் எழுதினேன். "வி ஈக்வல்டு யூ பிளஸ் ஏடி" என்பார். நான் வி = யூ + ஏடி என்று எழுதிக்கொள்வேன். வி என்றால் கடைசி வேகம், யூ என்றால் ஆரம்ப வேகம், ஏ என்றால் முடுக்கம், டி என்றால் நேரம். பலகையில் சார் எழுதும் v பார்ப்பதற்குப் பறவை மாதிரி இருக்கும். என் நோட்டில் அது கொக்கி போட்ட வி.

முதலில் அந்த எழுத்துகளைப் பார்த்தாலே தலை சுற்றியது. பத்தாவதில் எக்ஸ் ஒன்றுதான் இருக்கும். அதைக் கண்டுபிடித்தால் வேலை முடிந்தது. இங்கே நாலு எழுத்து ஒரே வரியில் இடித்துக்கொண்டு நின்றது. யாரை எங்கே நகர்த்துவது? கூட்டலாக இருப்பது அந்தப் பக்கம் போனால் கழித்தல் ஆகும், சரி. ஆனால் ஏ-யும் டி-யும் நடுவில் எந்தக் குறியும் இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதில் ஏ மட்டும் அந்தப் பக்கம் போனால் என்ன ஆகும்? என் தோழி அதற்கும் கழித்தல் போட்டாள். நானும் முதல் வாரம் அதைத்தான் செய்தேன். பிறகு பஸ்ஸில் நின்றுகொண்டே போட்டுப் போட்டுப் பார்த்து, ஒட்டிக்கொண்டிருப்பது அந்தப் பக்கம் போனால் கீழே போய் உட்காரும், கீழே இருப்பது இந்தப் பக்கம் வந்தால் மேலே ஒட்டிக்கொள்ளும் என்று பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், நான் இறங்க வேண்டிய இடத்தையே விட்டுவிட்டேன். ஒரு ஸ்டாப் திரும்பி நடந்தேன்.

அதன் பிறகு எழுத்துகளை நகர்த்துவதில் எனக்குத் தனி ருசி வந்துவிட்டது. எது கொடுத்தாலும் நகர்த்துவேன். சார் ஒரு கணக்கு சொன்னார். நின்றுகொண்டிருந்த கார் 5 மீ/வி² முடுக்கத்துடன் 5 வி சென்றால் அதன் வேகம் என்ன?

மீ என்றால் மீட்டர். அது வெறும் வால், கடைசியில் ஒட்டவைத்துக்கொள்ளலாம். மீதியை எடுத்துக்கொண்டேன். முடுக்கம் 5/வி². நேரம் 5வி. பெருக்கினால் மேலே ஒரு வி, கீழே இரண்டு வி. ஒன்றோடு ஒன்று அடிபட்டுக் கீழே ஒன்று மிஞ்சும். ஆக வி = 25/வி. கீழே இருக்கிற வி-யை இந்தப் பக்கம் கொண்டுவந்தால் வி² = 25. அப்படியென்றால் வி = 5. அடேயப்பா, எவ்வளவு சுத்தமாக வருகிறது!

சாரோ பலகையில் v = 25 மீ/வி என்று எழுதி, கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இது வி = 25/வி என்றுதானே நிற்கிறது? பாதி வழியில் ஒரு மனிதர் எப்படிக் கணக்கை விட்டுவிட்டுப் போவார்? எழுந்து, "சார், கடைசி ரெண்டு ஸ்டெப்பு உட்டுட்டீங்க சார்" என்றேன்.

அவர் பலகையை மேலும் கீழும் பார்த்தார். "எதையும் விடல. உக்காரும்மா."

அடுத்த கணக்கில் அவருக்கு முப்பத்தாறு, எனக்கு ஆறு. அதற்கடுத்ததில் அவருக்குப் பதினாறு, எனக்கு நாலு. ஒவ்வொரு முறையும் என் விடையை அதாலேயே பெருக்கினால் அவர் விடை. ஏதோ பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தோழியிடம் காட்டினேன். அவள் நோட்டும் என் நோட்டின் நகல் என்பதால் அவளுக்கும் அதே கணக்கு, அதே வி.

"அப்படின்னா சார் நிறுத்தற எடத்துலயே நாமளும் நிறுத்திடலாமேடி. எதுக்கு வம்பு?" என்றாள்.

"பாதி கணக்க யாராவது எழுதுவாங்களா? முடிச்சிட்டுத்தான் எழுதணும்" என்றேன்.

"உனக்கு ரொம்பத்தான்டி திமிரு. மார்க் போடறது அவருதானே?"

"மார்க்குக்காகத் தப்பா எழுத முடியாது. நீ எழுதினா எங்கிட்டப் பேசாத." அப்படித்தான் சொன்னேன். பதினாறு வயதில் ஒரு பெண்ணை மடக்க இதைவிட வேறு என்ன வேண்டும்? அவள் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, "சரிதான் போடி" என்று ஒத்துக்கொண்டாள்.

காலாண்டுப் பரீட்சை வந்தது. எனக்கு நேர் பின்னால் அவள். ஐந்து மார்க் கேள்வி ஒன்று: 10 மீ/வி வேகத்தில் செல்லும் பேருந்து 2 மீ/வி² முடுக்கத்துடன் 4 வி சென்றால் இறுதி வேகம் என்ன? பரீட்சைத் தாளில் சூத்திரத்தை இங்கிலீஷ் எழுத்தில்தான் எழுத வேண்டும் என்று சார் சொல்லியிருந்ததால், எல்லா வி-யையும் ஒன்றுவிடாமல் v ஆக்கினேன். பத்தும் எட்டும் சேர்ந்து v = 18/v. அதிலிருந்து v² = 18. பதினெட்டுக்கு வர்க்கமூலம் மூன்று பெருக்கல் 1.414. விடை 4.24. வாலையும் ஒட்டவைத்தேன். முடித்துவிட்டுப் பேனாவை மூடும்போது, சார் இந்தக் கணக்கைப் பார்த்தாவது கடைசிவரை போடக் கற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். ஐயோ, அந்தக் கொழுப்பு!

ஒரு வாரம் கழித்து எங்கள் இரண்டு பேரையும் மட்டும் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் எங்கள் விடைத்தாள்கள். எனக்கு முப்பத்து மூன்று. அவளுக்கு முப்பத்தொன்று. அந்தக் கணக்கின்மேல் குறுக்கே சிவப்புக் கோடு.

"சரியான விடை நாப்பது பேருக்கும் ஒரே மாதிரி வரலாம். தப்பான விடை எப்படி ரெண்டு பேருக்கு மட்டும், வரிக்கு வரி ஒரே மாதிரி வரும்?" என்றார். "யார் யாரைப் பார்த்து எழுதினீங்க?"

"காப்பி அடிக்கல சார்" என்றோம் இருவரும். அதுகூட ஒரே மாதிரி, ஒரே நேரத்தில்.

"பத்து மீட்டர் வேகத்துல போற பஸ்ஸு. இன்னும் வேகத்தைக் கூட்டறான். கூட்டினா நாலுக்கு வருமா? சைக்கிள்காரன்கூட அதைவிட வேகமாப் போவானே. இதை ஒரு ஆள் யோசிக்கலைன்னா சரி, ரெண்டு பேருமா யோசிக்கல?" தாள்களை மடித்து வைத்தார். "நாளைக்குச் சாயங்காலம் தேர்ட் குரூப் லிஸ்ட் ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்டப் போகுது. மார்க்கும் இல்ல, நேர்மையும் இல்ல. ரெண்டு பேர் பேரும் அதுல இருக்கும்."

என் தோழி வெளியே வந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அவர் கேட்ட கேள்விதான் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. வேகத்தைக் கூட்டினால் எப்படிக் குறையும்? அன்று பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் போய் நின்றேன். கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி உறுமிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. ஒரு தடவையாவது குறையட்டுமே என்று பார்த்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர், "இன்னா பொண்ணே, டிரைவர் வேலைக்கு வரப்போறியா? உள்ள போம்மா" என்று விரட்டினார். வீட்டில் நைனா பரீட்சை என்ன ஆச்சு என்று கேட்டார். இன்னும் தாள் கொடுக்கவில்லை என்று பொய் சொன்னேன். அவர் நம்பிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தோழி என்னைத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெருதான். அவளுக்கு மத்தியானத்தில் ஒரு வேலை உண்டு. தறியில் குறுக்கே ஓடும் பட்டுநூலைச் சின்னச் சின்னக் குழலில் சுற்றிவைக்க வேண்டும். தார் சுற்றுவது என்பார்கள். ராட்டையைச் சுற்றிக்கொண்டே, "கேள்வியப் படி" என்றாள்.

"பேருந்து பத்து மீ பை வி வேகத்தில்..."

"கடைசில இருக்கறத்த படி."

"நாலு வி சென்றால்."

ராட்டை நின்றது. "அது இன்னாடி நாலு வி?"

"வின்னா வேகம். நாலு மடங்கு வேகம். இது தெரியாதா உனக்கு?"

"அது தெரியும்டி. சூத்திரத்துல அத்த எந்த எழுத்துக்குப் போட்ட?"

"டி-க்கு."

"டின்னா?"

"நேரம்."

"நேரம் எப்படிடி வேகம் ஆகும்?" என்றாள். "இந்தப் பொடவ நெய்ய எத்தினி நாள் ஆச்சின்னு எங்கப்பாவ ஒருத்தர் கேக்கறாருன்னு வையி. நாலு மொழம் ஆச்சின்னு சொன்னா, கேட்டவரு சிரிக்க மாட்டாரா? நாள்னா நாளு. மொழம்னா மொழம். நேரத்தக் கேட்டா நேரத்துலதானே சொல்லணும்?"

"அல்ஜீப்ராவுல எது வேணா எதுக்கு வேணா சமமா இருக்கும்" என்றேன். சொல்லும்போதே என் குரலில் சுரத்து இல்லை.

"உன் அல்ஜீப்ராவ அடுப்புல போடு. நேரத்த எதுல சொல்லுவாங்க? மணி, நிமிசம், செகண்டு. செகண்டுக்கு நம்ம பாஷைல இன்னா?"

"விநா..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் ஊரில் யார் விநாடி என்று பேசுகிறார்கள்? செகண்டுதான். பத்தாவது வரை கணக்கில் விநாடி என்று முழுசாகப் போட்டிருப்பார்கள். பிளஸ் ஒன்னில் அதைச் சுருக்கி வி ஆக்கிவிட்டார்கள். சாருக்கு அது வேறு, பலகையில் பறக்கிற v வேறு. காதால் கேட்டு எழுதிய எனக்கு இரண்டும் ஒன்று. மூன்று மாதமாக நான் விநாடியை வேகம் என்று நினைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டிருந்திருக்கிறேன். சார் பாதியில் நிறுத்தியதே கிடையாது. பதினெட்டு மீட்டர், ஒரு விநாடிக்கு. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. தறியிலிருந்து அவள் அப்பா எட்டிப் பார்த்து, "இன்னா கூத்து அங்க?" என்று கேட்கிற அளவுக்குச் சிரித்தோம். பிறகு சோறுகூடச் சாப்பிடாமல் ஓடினோம்.

சார் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க என் நோட்டை விரித்துக் காட்டினேன். "காப்பிதான் சார். ஆனா பரீட்சையில இல்ல. இவ என் நோட்டப் பாத்து எழுதினா. என் நோட்டுதான் தப்பு. இந்த வி-யப் பாருங்க சார்."

அவர் ஈரக்கையோடு நோட்டை வாங்கினார். ஒரு பக்கம் படித்தார். இன்னொரு பக்கம் புரட்டினார். அப்புறம் விடைத்தாளை எடுத்து, விரலை வைத்து வரிவரியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நெற்றியில் இருந்த சுருக்கம் மெல்லப் போனது. "அடப்பாவமே" என்றார். "வி-யை v-ன்னு எடுத்துக்கிட்டா... இது சரி. இதுவும் சரி. அல்ஜீப்ராவுல ஒரு தப்புகூட இல்லையேம்மா!"

எனக்குத் தலை கூரையைத் தொட்டது. "கண்டுபிடிச்சது இவதான் சார்" என்று அவளை முன்னால் தள்ளினேன். அப்போது சொன்னேன். அதை இங்கே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

காப்பிக் குற்றம் அந்த இடத்திலேயே போயிற்று. சிவப்புப் பேனாவை எடுத்து, சூத்திரத்துக்கும் பிரதியிட்டதற்கும் என்று இருவருக்கும் இரண்டு இரண்டு மார்க் போட்டார். என்னுடைய முப்பத்து மூன்று முப்பத்தைந்து ஆனது. அவளுடைய முப்பத்தொன்று முப்பத்து மூன்று ஆனது.

நாங்கள் இருவரும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

"சார், அவதானே சார் கண்டுபிடிச்சா" என்றேன் மறுபடியும்.

"கண்டுபிடிச்சதுக்கு மார்க் போட இந்தத் தாள்ல இடமில்லையேம்மா" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். அவள் தாளில் v = 18/v என்ற வரியின்மேல் பேனாவை வைத்தார். "இதோ, இந்த வரியோட நிறுத்தியிருந்தீங்கன்னா அஞ்சு மார்க்கும் போட்டிருப்பேன். பதினெட்டைப் பார்த்துட்டு டிக் அடிச்சிட்டுப் போயிருப்பேன். எதுக்கு அதுக்கப்புறமும் இழுத்தீங்க?"

முப்பத்தொன்றும் ஐந்தும் முப்பத்தாறு. அதைக் கூட்ட எந்த அல்ஜீப்ராவும் வேண்டாம். அவள் நிறுத்தத்தான் நினைத்தாள். நிறுத்தினால் என்னோடு பேசாதே என்று சொன்னது நான். சாரிடம் அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "உடுடி" என்றாள் மெதுவாக.

திங்கட்கிழமை அவள் தேர்ட் குரூப்புக்குப் போனாள். பையை எடுக்கும்போது நான் அழுதேன். எனக்கு எப்போதும் தாமதமாகத்தான் அழுகை வரும். "சீ, இன்னாத்துக்கு அழுவற? பேஜார் பண்ணாத" என்று என் தலையில் தட்டினாள். "லேப்புக்குள்ள இன்னா கீதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு. ஒண்ணுவிடாம சொல்லணும்."

அந்த வாரமே லேப் திறந்தார்கள். முதல் நாள் வெர்னியர் காலிப்பர் கொடுத்து, ஒரு சின்ன இரும்புக் குண்டின் விட்டத்தை அளக்கச் சொன்னார்கள். அது ஸ்கேலில் தெரியாத அளவையெல்லாம் காட்டியது. எனக்கு அதைக் கீழே வைக்கவே மனமில்லை. மத்தியானம் சாப்பிடும்போது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதன் இரண்டு தாடைகள் எப்படி இருக்கும், சின்னக் கோடுகள் பெரிய கோடுகளோடு எப்படிச் சேரும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். மென்றுகொண்டே கேட்டாள்.

"அதெல்லாம் சரிடி. அது சரியாத்தான் அளக்குதுன்னு எத்த வெச்சி அளந்தாங்க?"

எனக்குத் தெரியவில்லை. அடுத்த லேப் வகுப்பில் எழுந்து அதையே கேட்டேன். சார் கையிலிருந்ததை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நல்ல கேள்வி! இத்தனை வருஷத்துல ஒருத்தரும் இதைக் கேட்டதில்ல" என்று மொத்த வகுப்பையும் என் பக்கம் திரும்பிப் பார்க்கச் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். அது யாருடைய கேள்வி என்று சொல்லவில்லை.

இரண்டு வருஷமும் அப்படித்தான் போனது. மத்தியானம் நான் சொல்வேன், அவள் கேட்பாள். மறுநாள் அதை நான் வகுப்பில் கேட்பேன். பிளஸ் டூ முடிந்த அன்று சார் என் ஆட்டோகிராஃப் நோட்டில் "கேள்வி கேட்கத் தெரிந்த மாணவிக்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்று மத்தியானம் அவள் அந்த நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டு வந்தாள். அந்தப் பக்கம் வருவதற்கு முன்னால், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.